முதல் பரிசு யாருக்கு?

பேச்சுப் போட்டியில் தீர்ப்புச் சொல்வது எப்படி?

மேடையில் ஓர் இளைஞர் பேசுகிறார். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் காகிதம், பேனா. பேச்சு முடிகிறது. சபையில் கைதட்டல் எழுகிறது. அந்த மூன்று பேரும் கை தட்டவில்லை. தலையைக் குனிந்து ஏதோ எழுதுகிறார்கள்.

அவர்கள்தான் நடுவர்கள்.

மேடையில் பேசுவது கடினம். இது எல்லாருக்கும் தெரியும். பேச்சுக்குத் தீர்ப்புச் சொல்வது அதைவிடக் கடினம். இது பலருக்குத் தெரியாது.

ஓட்டப் பந்தயம் என்றால் தொல்லை இல்லை. முதலில் கோட்டைத் தொட்டவன் வென்றான். பளு தூக்கும் போட்டி என்றால் தராசு இருக்கிறது. பேச்சை எந்தத் தராசில் நிறுப்பது? எந்த முழக்கோலால் அளப்பது?

பேசுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால், ஒரு பரிசு மாறிப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. பேரூராட்சியிலும் ஊராட்சியிலும் வேலைக்குச் சேர்ந்த இளம் ஊழியர்கள் பேசும் போட்டி அப்படிப்பட்டது அல்ல. அவர்களுக்குப் பேச்சு ஓர் அலங்காரம் அல்ல. வேலைக்கு வேண்டிய கருவி. அவர்களில் யாருக்குப் பரிசு கொடுக்கிறோமோ, அவரைப் போலத்தான் மற்றவர்களும் பேசப் பழகுவார்கள். அந்தப் பேச்சைத் தினமும் கேட்கப் போவது ஊர் மக்கள்!

தறிச் சத்தத்துக்கு நடுவே

திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டத்தில் இருக்கிறது பொதட்டூர்பேட்டை. நெசவாளர் ஊர். பேரூராட்சி. தெருவில் நடந்தால் தறி ஓடும் சத்தம் காதை நிறைக்கும். ஆந்திர எல்லை பக்கத்தில்தான். ஆகவே தமிழோடு தெலுங்கும் காதில் விழும்.

இத்தகைய ஊரில் பேரூராட்சி ஊழியர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விசைத்தறி ஓடுகிறது. தறியை நிறுத்தினால் வீட்டுக்காரருக்குக் கூலி நஷ்டம். ஊழியருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். சொன்னது புரிந்தாக வேண்டும். கேட்டவர் அதைச் செய்தாக வேண்டும்.

இதைவிடக் கடுமையான மேடை எங்கே இருக்கிறது?

இந்த மண்ணுக்கும் மேடைப் பேச்சுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. பக்கத்தில் இருக்கும் திருத்தணியில் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பிறகு இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனவர். அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்க வெளிநாட்டு அறிஞர்கள் திரண்டார்கள்.

இன்னொருவர் ம.பொ.சி. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். இளமையில் நெசவு வேலை செய்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். அந்த ம.பொ.சி. தமிழில் பேசினால் கூட்டம் அசையாமல் கேட்கும். திருத்தணி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று வடக்கு எல்லைப் போராட்டத்தை நடத்தியவர் அவர். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணிப் பகுதி அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

ஒருவர் பெரிய பட்டம் பெற்றவர். மற்றவர் மூன்றாம் வகுப்பு. பேச்சில் இருவரும் மன்னர்கள். படிப்பு மட்டும் ஒருவரைப் பேச்சாளர் ஆக்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஊழியருக்குப் பேச்சு எதற்கு?

"ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு மேடைப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். எதற்கு என்று பாருங்கள்.

கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 நாட்கள் இதற்காகக் குறிக்கப்பட்டன. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சிகள் தினம் ஆகியவையே அந்த நாட்கள். அங்கே ஊராட்சியின் வரவு செலவைச் சபையில் படிக்க வேண்டும். நகர்ப் பக்கத்து உள்ளாட்சிகளிலும் ஏரியா சபை என்ற கூட்டங்கள் அதே 2022-ல் தொடங்கின.

வரவு செலவை முணுமுணுவென்று படித்தால் என்ன ஆகும்? யாருக்கும் விளங்காது. விளங்காத கணக்கை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வி இல்லாத சபை வெறும் கையெழுத்துச் சபைதான்!

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 100-க்கு 5 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அதாவது 1,000 ரூபாய் வரி என்றால் 50 ரூபாய் மிச்சம். இதை ஏப்ரல் முதல் வாரமே தெருவில் விளங்கச் சொன்னால், ஏழைக் குடும்பத்துக்கு 50 ரூபாய் லாபம். பேரூராட்சிக்கு நேரத்தில் பணம்.

இன்னொன்று, டெங்கு. இது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. பகலில் கடிக்கிறது. இது தெரியாதவர், "எங்கள் வீட்டில் சாக்கடையே இல்லை. எங்களுக்கு என்ன பயம்?" என்று இருந்துவிடுவார். அவர் வீட்டுத் தொட்டியிலேயே கொசு வளர்ந்துகொண்டிருக்கும்.

இதை நாலு வார்த்தையில் புரிய வைக்கத் தெரிந்த ஊழியர் ஒரு தெருவையே காப்பாற்றுவார்.

மூன்று பேச்சுகள்

தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துவது பலருக்குத் தெரியும். தலைவர்களின் பிறந்த நாளை ஒட்டி அவை நடக்கும். முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000 என்று கொடுத்திருக்கிறார்கள். அதே போல, பொதட்டூர்பேட்டை வட்டாரத்து இளம் உள்ளாட்சி ஊழியர்களுக்கு ஒரு போட்டி வைத்தால் எப்படி இருக்கும்? கற்பனை செய்து பாருங்கள். தலைப்பு: "நம் ஊரைத் தூய்மையாக வைப்போம்." ஆளுக்கு ஐந்து நிமிடம்.

முதலில் ஓர் இளைஞர் வருகிறார். நல்ல குரல். நிமிர்ந்த பார்வை. அடுக்கு மொழி அருவியாகக் கொட்டுகிறது. தூய்மை ஒரு தவம் என்கிறார். தூய்மை ஒரு வேள்வி என்கிறார். சபை அதிரக் கைதட்டுகிறது. ஆனால் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவதாக ஓர் அலுவலக உதவியாளர். கையில் நாலு தாள். சட்டம், விதி, ஆணை எல்லாம் சரியாகச் சொல்கிறார். பிழையே இல்லை. ஆனால் தாளில் இருந்து தலை நிமிரவே இல்லை. பின் வரிசையில் கொட்டாவி.

மூன்றாவதாக, கொசு ஒழிப்பு வேலைக்கு வீடு வீடாகப் போகும் ஒரு பெண். முதல் அரை நிமிடம் குரல் நடுங்குகிறது. பிறகு நடுக்கம் நிற்கிறது.

"குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கும். அதில் தண்ணீர் நிற்கும். யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கொல்லையில் பழைய ஆட்டுக்கல் கிடக்கும். அதன் குழியில் மழைத் தண்ணீர் நிற்கும். அங்கேதான் கொசு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகையால் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்."

இவ்வளவுதான் பேச்சு. சபையில் பெரிய கைதட்டல் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "நம் வீட்டு ஆட்டுக்கல்லிலும் தண்ணீர் நிற்கிறதே!" என்று ஒருத்தி முணுமுணுக்கிறாள்.

முதல் பரிசு யாருக்கு?

பாவும் ஊடையும்

நெசவாளருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது. ஊடை மட்டும் இருந்தாலும் ஆகாது. இரண்டும் சேர வேண்டும்.

பேச்சும் அப்படித்தான். சொல்லும் விஷயம், பாவு. சொல்லும் விதம், ஊடை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதுதான் முதல் கேள்வி.

உலகப் புகழ் பெற்ற பேச்சுப் பயிற்சிச் சங்கம் ஒன்று உண்டு. அதன் பெயர் டோஸ்ட்மாஸ்டர்ஸ். அமெரிக்காவில் சாண்டா அனா என்ற ஊரில், 1924-ம் ஆண்டு, ரால்ப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கினார். அதன் உலகப் போட்டியில் 2014-ம் ஆண்டு முதல் பரிசு பெற்றவர் நம் பக்கத்து நாடான இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி.

அந்தச் சங்கத்தில் நெடுநாள் புழங்கிய மதிப்பெண் தாள் இதுதான்: விஷயத்துக்கு 50. பேசும் விதத்துக்கு 30. மொழிக்கு 20. மொத்தம் 100.

நம் மூன்று பேச்சாளர்களையும் இந்தத் தாளில் நிறுத்துப் பார்ப்போம்.

அடுக்கு மொழி இளைஞர்: விஷயம் 20, விதம் 28, மொழி 16. மொத்தம் 64.

தாள் படித்த உதவியாளர்: விஷயம் 38, விதம் 10, மொழி 14. மொத்தம் 62.

கொசு ஒழிப்புப் பெண்: விஷயம் 42, விதம் 19, மொழி 15. மொத்தம் 76.

பெண்ணுக்கு முதல் பரிசு!

இனி ஒரு வேடிக்கை பாருங்கள். விதத்துக்கு 50, விஷயத்துக்கு 30 என்று தாளை மாற்றிவிடுவோம். அதே பேச்சு, அதே தரம். இப்போது அடுக்கு மொழி இளைஞருக்கு விஷயம் 12, விதம் 47, மொழி 16. மொத்தம் 75. பெண்ணுக்கு விஷயம் 25, விதம் 32, மொழி 15. மொத்தம் 72. பரிசு கை மாறிவிட்டது!

பேச்சாளர்கள் மாறவில்லை. தாள்தான் மாறியது. ஆகவே, போட்டி தொடங்கும் முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மதிப்பெண் தாளைத் தயாரிக்கிறவர் அதை உணர வேண்டும். அந்தத் தாளைப் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். எதற்கு மதிப்பெண் என்று தெரியாமல் ஒருவரைப் போட்டியில் இறக்குவது, எல்லைக்கோடு எங்கே என்று சொல்லாமல் ஓடச் சொல்வது போல!

கண் செய்யும் மோசம்

"நான் பேச்சைத்தான் கேட்டேன். ஆளைப் பார்க்கவில்லை" என்று நடுவர்கள் சொல்வது உண்டு. அது உண்மைதானா?

சியா ஜுங் சாய் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தார். 2013-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது பியானோ போட்டிகள். கடைசிச் சுற்றுக்கு வந்த மூவரில் யார் வென்றார் என்று மக்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார். சிலருக்கு இசையை மட்டும் கேட்கக் கொடுத்தார். சிலருக்குச் சத்தமே இல்லாத படத்தை மட்டும் காட்டினார்.

முடிவு என்ன தெரியுமா? இசையை மட்டும் கேட்டவர்கள் திணறினார்கள். ஊமைப் படத்தைப் பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வென்றவரைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். இசையில் கைதேர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். காதுக்கான போட்டியில் கண்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது!

பியானோவுக்கே இப்படி என்றால் பேச்சுக்கு எப்படி இருக்கும்? மடிப்புக் கலையாத சட்டை, உயரம், நிறம், நிற்கும் தோரணை இவையெல்லாம் நடுவருக்குத் தெரியாமலே அவர் பேனாவைப் பிடித்து இழுக்கும்.

இதற்கு வைத்தியம் உண்டா? உண்டு. ஒவ்வொரு பேச்சின்போதும் நடுவர் ஒரு தாளில் இரண்டு வரி எழுத வேண்டும். "இவர் சொன்ன விஷயம் என்ன? கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்கிறார்?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுத முடியவில்லை என்றால், மேடையில் எத்தனை மின்னல் அடித்தாலும், மழை பெய்யவில்லை என்று அர்த்தம்.

யார் முதலில் பேசுவது?

முதலில் பேசுகிறவருக்கு ஓர் ஆபத்து உண்டு. நடுவர்கள் அப்போதுதான் உட்கார்ந்திருப்பார்கள். "இன்னும் நல்ல பேச்சு வரலாம்" என்று கையை இறுக்கிக்கொள்வார்கள்.

இது வெறும் சந்தேகம் அல்ல. பெல்ஜியம் நாட்டில் எலிசபெத் ராணி பெயரால் நடக்கும் இசைப் போட்டி உலகப் புகழ் பெற்றது. கடைசிச் சுற்றில் 12 பேர் பல நாட்கள் வாசிப்பார்கள். இரண்டு பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார்கள். முதல் நாளில் வாசித்தவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்புக் குறைவு என்று கண்டார்கள்.

ஆகையால் வரிசையை யாரும் தம் இஷ்டத்துக்கு அமைக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். சீட்டினாலும் முதலில் பேசுகிறவரின் ஆபத்து நீங்காது. ஆனால் அந்த ஆபத்து யாருக்கு என்பதை ஆள் முடிவு செய்யவில்லை. அதிர்ஷ்டம் முடிவு செய்கிறது. நடுவரும் முதல் பேச்சை, எல்லாப் பேச்சும் முடிந்தபின் ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டுத் தாளை மடிக்க வேண்டும்.

சீட்டுக் குலுக்குவது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தாம் நூற்றாண்டு, பராந்தக சோழன் காலம். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கக் குடத்தில் ஓலைகளைப் போட்டுக் குலுக்கினார்கள். ஓலையை எடுப்பது யார்? சூது வாது தெரியாத ஒரு சிறுவன்! நம் உள்ளாட்சியின் பாட்டன் காலத்திலேயே, "கை வைக்கிறவன் கள்ளம் அறியாதவனாக இருக்க வேண்டும்" என்ற ஞானம் இருந்திருக்கிறது.

கடிகாரத்துக்கும் ஓர் இடம்

திருத்தணி தந்த ராதாகிருஷ்ணனிடம் இன்னொரு பாடமும் உண்டு.

1947 ஆகஸ்டு 14. இரவு. டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருக்கிறது. நேரு பேசிவிட்டார். நள்ளிரவு 12 அடித்ததும் உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கு முந்திய கடைசி நிமிடங்களில் பேசியவர் ராதாகிருஷ்ணன். நள்ளிரவு வரை பேச்சைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நிமிடம் முன்னால் முடித்தாலும் சிக்கல். பின்னால் முடித்தாலும் சிக்கல். அவர் நேரத்தோடு பேசினார். சுதந்திரம் நேரத்தோடு பிறந்தது.

நேரத்துக்குள் பேசுவது மரியாதை. கேட்க வந்தவர்களின் பொழுதை மதிப்பது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் போட்டிகளில் 5 முதல் 7 நிமிடம் என்பது வழக்கமான அளவு. அரை நிமிடம் சலுகை உண்டு. அதையும் தாண்டினால், எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் போட்டியில் இருந்து நீக்கம்!

இந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேண்டியவர் பேசும்போது மணியை மறப்பதும், வேண்டாதவர் பேசும்போது மணியைக் கிணுகிணு என்று அடிப்பதும் நியாயம் ஆகாது.

கூட்டலில் ஒரு பொறி

மூன்று நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள். மூன்றையும் கூட்டினால் போதும் என்று நினைப்போம். அதில் ஒரு பொறி இருக்கிறது.

வேலன், வள்ளி என்று இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று கொள்வோம். இரண்டு நடுவர்கள் வள்ளிக்கு 70, வேலனுக்கு 65 போடுகிறார்கள். மூன்றாவது நடுவர் வேலனுக்கு 90, வள்ளிக்கு 50 போடுகிறார். கூட்டுங்கள். வேலன் 220. வள்ளி 190. வேலனுக்குப் பரிசு!

மூவரில் இருவர் வள்ளிதான் சிறந்தவர் என்றார்கள். ஒரே ஒரு நடுவர், கையை அகல விரித்துப் போட்ட மதிப்பெண், இருவர் தீர்ப்பையும் விழுங்கிவிட்டது.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நடுவரும் தம் மதிப்பெண்ணை வைத்து முதல், இரண்டு, மூன்று என்று வரிசை மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் இடத்துக்கு 3 புள்ளி. இரண்டாம் இடத்துக்கு 2. மூன்றாம் இடத்துக்கு 1. இப்போது பாருங்கள். வள்ளிக்கு 3, 3, 2. மொத்தம் 8. வேலனுக்கு 2, 2, 3. மொத்தம் 7. தீர்ப்புச் சரியாகிவிட்டது.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்தின் முறை இதுவே. புள்ளிகள் சமமாகிவிட்டால் பயன்படுத்த, இன்னொரு நடுவரின் வரிசையையும் மூடிய உறையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர் யார் என்பது ரகசியம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. நடுவர்கள் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. கூடிப் பேசி முடிவு செய்தால், உரக்கப் பேசும் நடுவரின் முடிவே எல்லார் முடிவும் ஆகிவிடும். போட்டியாளரின் மேலதிகாரி நடுவராக உட்காரவே கூடாது. காலையில் விடுப்புக் கேட்டுச் சண்டை போட்டவருக்கு மாலையில் அவரே மதிப்பெண் போட்டால், நியாயமாகப் போட்டாலும் ஊர் நம்பாது.

எந்தத் தமிழ் நல்ல தமிழ்?

1956-ம் ஆண்டு தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களில் தமிழ் ஏறியது. நல்லது. ஆனால் கோப்பில் எழுதும் தமிழ் வேறு. தெருவில் பேசும் தமிழ் வேறு.

"மேற்படி இனத்திற்கான கேட்புத் தொகையினை உரிய காலக்கெடுவிற்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில்" என்று ஒருவர் ஆரம்பித்தால் பாட்டி என்ன செய்வாள்? கதவைச் சாத்திக்கொள்வாள்! "பாட்டி, இந்த மாதம் முடிவதற்குள் வரியைக் கட்டினால் உங்களுக்கு 50 ரூபாய் மிச்சம்" என்றால், முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள்.

நடுவர்கள் இரண்டாவது தமிழுக்கே அதிக மதிப்பெண் தர வேண்டும். அது கொச்சை அல்ல. எளிமை.

பொதட்டூர்பேட்டை போன்ற எல்லை ஊர்களில் இன்னொரு கேள்வியும் வரும். ஒருவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார். தமிழில் பேசும்போது உச்சரிப்பில் கொஞ்சம் தெலுங்கு வாடை அடிக்கிறது. மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

சொன்னது புரிந்ததா, இல்லையா? அதுதான் அளவு. புரிந்தது என்றால் குறைக்கக் கூடாது. சொல்லப் போனால், இரண்டு மொழி வீட்டிலும் பேசத் தெரிந்த ஊழியர் அந்த ஊருக்கு இரட்டை லாபம்.

நடுங்கியவர் மகாத்மா ஆனார்

சபைக்கு அஞ்சுவது இன்றைய நோய் அல்ல. திருவள்ளுவர் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள் எழுதினார். மொத்தம் 30 குறள்!

காந்தியடிகளின் கதை எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்ல வேண்டியது. அவர் இங்கிலாந்தில் சட்டம் படித்துவிட்டு 1891-ல் திரும்பினார். பம்பாயில் ஒரு சிறு வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதை மறைக்காமல் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்று ஒரு நடுவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவருக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார்? பூஜ்யம்தான். ஆனால் பின்னாளில் அந்த மெல்லிய குரல் பேசியபோது ஒரு தேசமே எழுந்து நின்றது.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு ஊறுகிறது. நெஞ்சு படபடக்கிறது. நாக்கு வறள்கிறது. கை நடுங்குகிறது. பெரும்பாலும் முதல் ஓரிரு நிமிடங்களில் இது தணிந்துவிடும். ஆகவே முதல் அரை நிமிட நடுக்கத்தை வைத்து முழுப் பேச்சையும் எடை போடுவது நியாயம் அல்ல. நடுங்கியும் நின்று பேசி முடித்தாரே, அதுவும் ஒரு தைரியம்தான்.

பரிசு அறிவித்த பிறகு

பல போட்டிகளில் நடப்பது என்ன? முடிவை அறிவிப்பார்கள். வென்றவர் மேடை ஏறுவார். படம் எடுப்பார்கள். மற்றவர்கள் வாசல் வழியே நழுவிவிடுவார்கள். ஏன் தோற்றோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. "சிபாரிசு" என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு பெயர் கொடுக்க மாட்டார்கள்.

இங்கேதான் நடுவரின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. பேசிய ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நன்றாக இருந்தது ஒன்று. திருத்த வேண்டியது ஒன்று. "உங்கள் குரல் அருமை. அடுத்த முறை ஒரே ஒரு வீட்டின் கதையைச் சொல்லுங்கள்." அடுக்கு மொழி இளைஞருக்கு இது போதும். "உங்களிடம் இருக்கும் விஷயம் யாரிடமும் இல்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பாருங்கள்." உதவியாளருக்கு இது போதும். அந்த இரண்டு பேரும் மறு ஆண்டு முதல் பரிசுக்கு வந்துவிடுவார்கள்.

திருத்த வேண்டியதைப் பத்தாக அடுக்கினால் கேட்டவர் ஒடிந்து போவார். ஒன்று போதும். ஒன்றைத் திருத்தினாலே ஒன்பது தானாகத் திருந்தும்.

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்த பிள்ளை அந்த மேடையில் நிற்கலாம். தறிக்கூலியில் படிக்க வைத்த தகப்பனார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவசரத் தீர்ப்பு ஒன்று அந்தப் பிள்ளையின் வாயைப் பல ஆண்டுகளுக்கு அடைத்துவிடும். நல்ல சொல் ஒன்று வாழ்நாள் முழுவதும் பேச வைக்கும்.

மேடையில் உட்காரும் மூன்று பேரின் தீர்ப்பு அன்று மாலையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தினமும் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் வேறு. தறியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு வாசலுக்கு வரும் நெசவாளி. இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாய். வரிச் சீட்டைக் கையில் பிடித்த பாட்டி. அவர்களுக்கு மதிப்பெண் தாள் கிடையாது. அவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: "இந்தப் பிள்ளை சொன்னது எனக்குப் புரிந்ததா?"

மேடை நடுவர்களும் அதையே பார்த்தால், பரிசு போக வேண்டிய கைக்குத் தானாகப் போய்ச் சேரும்.